நாற்காலிக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு

பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் நியமன, ஊதியக் குழுக்களில் அமர்ந்திருக்கும் சுயேச்சை இயக்குநர்களுக்கு,



கம்பெனி செகரட்டரியாக இருபத்தெட்டு ஆண்டுகள் போர்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து மினிட்ஸ் எழுதியிருக்கிறேன். நீங்கள் பேசியதை எழுதினேன். பேசாமல் விட்டவை எந்த மினிட்ஸிலும் இல்லை, ஆனால் அவைதான் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிவிட்டது. இப்போதாவது அவற்றை எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் நிர்வாக இயக்குநர் தேர்வு நடந்தது. ஐந்து ஆண்டுக்கான நியமனம். காலை பதினொன்றரைக்குக் குழு கூடியது, ஒரு மணிக்குச் சாப்பாடு. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விற்பனையை எப்படி இரட்டிப்பாக்குவீர்கள், கடனை எப்படிக் குறைப்பீர்கள், வடக்கே எப்போது ஆலை போடுவீர்கள் என்று கேட்டார்கள். நேர்காணலுக்கு வந்தவர் கோர்வையாகப் பதில் சொன்னார். குழுவில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அதே குழுவினர் அடுத்த மாதம், சுற்றுச்சூழல் அறிக்கையின் ஓர் அட்டவணையில் தண்ணீர்க் கணக்கை லிட்டரில் போடுவதா கிலோ லிட்டரில் போடுவதா என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள்.

புதியவர் வந்து ஆறு மாதம் இருக்கும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் மேனேஜர் ஒரு காகிதத்தோடு எம்.டி. அறைக்குப் போனார். நானும் வேறு வேலையாக உள்ளே இருந்தேன். மூன்று நாளாக அளவுகள் தப்பி வருகின்றன, சவ்வுகளை மாற்றாவிட்டால் சமாளிக்க முடியாது என்று அவர் சொல்லத் தொடங்கினார். எம்.டி. தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பிரச்சினையோட என் ரூமுக்கு வராதீங்க. தீர்வோட வாங்க" என்றார். மேனேஜர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அடுத்த பதினொரு மாதமும் அந்த நிலையத்தின் அளவுகள் எல்லாம் சரியாகவே இருந்தன, காகிதத்தில். பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வு வந்தது, ஆலைக்கு மின் இணைப்பைத் துண்டித்தார்கள். நானூறு பேர் ஏழு வாரம் வீட்டில் இருந்தார்கள். கால்வாய்க்குக் கீழே இருந்த கிணறுகளின் கதை அதைவிட நீளம். அந்தப் பதினொரு மாதமும் 'சுற்றுச்சூழல் அறிக்கை பரிசீலிக்கப்பட்டது, திருப்தி தெரிவிக்கப்பட்டது' என்று மினிட்ஸில் எழுதியது என் கை. அறைக்குள் நடந்ததைப் பார்த்தும் நான் உங்களைப் போன்ற எவரிடமும் போய்ச் சொல்லவில்லை.

அந்த எம்.டி. கெட்டவர் இல்லை. பணத்தில் சுத்தமானவர். தொழிலாளி வீட்டுத் துக்கத்துக்கு நேரில் போகிறவர். ஆனால் கெட்ட செய்தியைக் கேட்க அவரால் முடியாது. அது அவர் குணம். நிறுவனத்தின் தண்ணீர்க் கொள்கை எண்பது பக்கம் இருந்தது. அதைத் தீர்மானித்தது அந்த ஒரு குணம்.

குணத்துக்கும் உத்திக்கும் உள்ள இந்த உறவு வெறும் அனுபவப் பேச்சு இல்லை. டொனால்ட் ஹாம்ப்ரிக், ஃபிலிஸ் மேசன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1984-லேயே, ஒரு நிறுவனம் எடுக்கும் முடிவுகள் அதன் மேல்மட்டத்தில் இருப்பவர்களின் வாழ்க்கையையும் மதிப்பீடுகளையும் பிரதிபலிக்கின்றன என்று எழுதினார்கள். 2007-ல் ஹாம்ப்ரிக்கும் ஆரிஜித் சாட்டர்ஜியும் கணினித் துறையைச் சேர்ந்த 111 தலைமை நிர்வாகிகளை எடுத்துக்கொண்டு அவர்களின் தன்முனைப்பை அளந்தார்கள். அதற்கு யாரையும் அவர்கள் பேட்டி காணவில்லை. ஆண்டறிக்கையில் தலைவரின் புகைப்படம் எவ்வளவு பெரியது, நிறுவனத்தின் செய்திக்குறிப்பில் அவர் பெயர் எத்தனை முறை வருகிறது, பேட்டிகளில் 'நான்' என்பதை எத்தனை முறை சொல்கிறார், அவருடைய சம்பளம் அடுத்த நிலையில் இருப்பவரின் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு என்று பார்த்தார்கள். தன்முனைப்பு மிகுந்தவர்களின் நிறுவனங்கள் அடிக்கடி உத்தியை மாற்றின, பெரிய பெரிய நிறுவனங்களை வாங்கின. லாபம் ஒரு வருடம் உச்சிக்கும் அடுத்த வருடம் பாதாளத்துக்குமாக ஆடியது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மற்றவர்களைவிட அவர்கள் மேலாகவும் செய்யவில்லை, கீழாகவும் செய்யவில்லை. பின்னால் வந்த இன்னோர் ஆய்வு நம்மை இன்னும் யோசிக்க வைக்கிறது. தன்முனைப்பு மிகுந்த தலைவர்கள் சமூகப் பொறுப்புத் திட்டங்களை மற்றவர்களைவிட அதிகமாகவே செய்கிறார்கள் என்று 2016-ல் வெளிவந்த அந்த ஆய்வு சொன்னது. பாராட்டு அங்கே கிடைக்கிறது என்பதால். ஆகவே ஒருவர் மேடையில் பருவநிலை பற்றி உருக்கமாகப் பேசுகிறார் என்பதை மட்டும் வைத்து அவரை எடைபோடாதீர்கள்.

அதற்கு நான் அறிந்த பெரிய சாட்சி பிரிட்டிஷ் பெட்ரோலியம் என்று முன்பு அழைக்கப்பட்ட பி.பி.

ஜான் பிரவுன் 1995-ல் அதன் தலைமைக்கு வந்தார். இயற்பியல் படித்தவர், கூர்மையான அறிவு, பெரிய மனிதர்களோடு பழக்கம். அமோகோ, ஆர்கோ, பர்மா காஸ்ட்ரால் என்று அடுத்தடுத்து வாங்கி பி.பி.யை உலகின் முதல் வரிசைக்குக் கொண்டுவந்தார். 1997 மே மாதம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நின்று, பருவநிலை மாற்றம் உண்மையான ஆபத்து, எண்ணெய்த் தொழிலுக்கும் அதில் பொறுப்பு உண்டு என்றார். அவ்வளவு பெரிய எண்ணெய் நிறுவனத்தின் தலைவர் ஒருவர் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. பேச்சோடு நிற்கவும் இல்லை. 1990-ன் அளவிலிருந்து வெளியேற்றத்தை 2010-க்குள் பத்து சதவீதம் குறைப்போம் என்றவர், எட்டு ஆண்டு முன்னதாகவே குறைத்துக் காட்டினார். 2000-ல் பச்சையும் மஞ்சளுமாகச் சூரியச் சின்னம் வந்தது. பெட்ரோலியத்துக்கு அப்பால் என்று முழக்கம் வந்தது. லண்டன் பத்திரிகைகள் அவரைச் சூரிய ராஜா என்று எழுதின.

அதே பிரவுனின் இன்னொரு குணம் செலவு வெட்டுவதில் இருந்த பிடிவாதம். அமோகோ இணைந்த பிறகு, 1999-ல், சுத்திகரிப்பு ஆலைகள் எல்லாம் நிலைச் செலவை 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று மேலிருந்து இலக்கு வந்தது. அமோகோவோடு சேர்ந்து வந்த டெக்சாஸ் சிட்டி ஆலை 1934-ல் கட்டியது. முப்பது ஆண்டுகளில் 23 பேரை அது பலி வாங்கியிருந்தது. ஆலையின் மேலாளர் 2004-ல், இறந்தவர்களின் படங்களோடு, இந்த இடம் பாதுகாப்பானது இல்லை என்று மேலதிகாரிகளிடம் விளக்கினார். 2005 ஜனவரியில் வெளியாட்கள் ஆலைக்குள் ஓர் ஆய்வு நடத்தினார்கள், வேலைக்கு வந்தால் உயிரோடு திரும்புவோமா என்ற பயத்தைத் தொழிலாளர்கள் அவர்களிடம் கொட்டினார்கள். மார்ச் 23 அன்று அங்கே ஒரு கோபுரத்தில் அளவுக்கு மீறி எண்ணெய் நிரம்பி, பழைய காலத்துப் புகைபோக்கி வழியாகப் பீய்ச்சி வெளியேறித் தீப்பிடித்தது. பக்கத்தில் தற்காலிக டிரெய்லர் அறைகளில் இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். அந்த ஒப்பந்தத் தொழிலாளர்களில் பலர் சற்று முன்புதான் ஒரு விருந்திலிருந்து திரும்பியிருந்தார்கள். ஒரு மாதம் முழுக்க வேலை நாள் இழப்பு விபத்து இல்லை என்று கொண்டாடிய மதிய விருந்து அது.

இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன் ஒவ்வொரு முறையும். செய்தி இருந்தது. படங்களோடு இருந்தது, தொழிலாளர்களின் சொந்த வார்த்தைகளோடு இருந்தது. கரிம வெளியேற்றத்தை டன் கணக்கில் அளந்த நிறுவனம் அது. தலைவர் எதை ஆசையோடு கேட்டாரோ அது மேலே ஏறியது, அவர் கேட்காதது கீழேயே தேங்கிவிட்டது. அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் தலைமையிலான குழு 2007 ஜனவரியில் தந்த அறிக்கையும், பருவநிலை விஷயத்தில் பிரவுன் காட்டிய தலைமையை ஆலைப் பாதுகாப்பில் காட்டவில்லை என்ற பொருளில்தான் எழுதியது. அதற்குள் 2006-ல் அலாஸ்காவின் ப்ரூடோ பே குழாய் அரித்துப்போய் இரண்டு லட்சம் காலனுக்கு மேல் எண்ணெய் பனியில் கொட்டியிருந்தது.

பிரவுன் 2007-ல் விலகினார். பின்னால் வந்த டோனி ஹேவர்ட் மண்ணியல் படித்தவர், நேராகப் பேசுகிறவர், ஆடம்பரம் பிடிக்காதவர். முன்னவரின் பகட்டு அலுத்துப்போய் அதற்கு நேர்மாறான ஆளைக் குழு தேர்ந்தெடுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். முந்தைய தலைவரிடம் எது குறையோ அதை மட்டும் கண்ணில் வைத்து அடுத்தவரைத் தேடுவது. ஹேவர்ட் பாதுகாப்புக்கே முதலிடம் என்றார். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள், கிணறு 87 நாள் கடலுக்குள் எண்ணெயைக் கக்கியது. அந்த நாட்களில் கேமரா முன்னால் நின்று, தன் பழைய வாழ்க்கை தனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று அவர் சொன்னது உலகம் முழுக்க ஒளிபரப்பானது. நிறுவனத்துக்கு இந்த விபத்தால் ஆன செலவு 6,500 கோடி டாலரைத் தாண்டியது.

பத்து ஆண்டு கழித்து, 2020-ல், பெர்னார்ட் லூனி வந்தார். கலகலப்பானவர், சமூக ஊடகத்தில் பேசுகிறவர். 2030-க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவீதம் குறைப்போம் என்று அறிவித்தார். 2023 பிப்ரவரியில் அந்த 40 என்பது 25 ஆயிற்று. சக ஊழியர்களுடனான தன் உறவுகள் பற்றி இயக்குநர் குழுவிடம் முழு உண்மையைச் சொல்லவில்லை என்று அதே ஆண்டு செப்டம்பரில் விலகினார். அடுத்தவர் மரே ஆக்கின்க்ளாஸ் 2025 பிப்ரவரியில் எண்ணெய், எரிவாயுவில் போடும் முதலீட்டை ஆண்டுக்கு 1,000 கோடி டாலராகக் கூட்டி, மாற்று எரிசக்திக்கு ஒதுக்கியதில் 500 கோடிக்கு மேல் குறைத்தார். உக்ரைன் போர், எண்ணெய் விலை, பங்குதாரர் நெருக்கடி எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் 1997-லிருந்து 2025 வரை ஒரு நிறுவனம் பச்சைக்கும் கறுப்புக்குமாக இத்தனை முறை திரும்பியதற்கு, ஒவ்வொரு முறையும் நாற்காலியில் வேறு சுபாவம் வந்து உட்கார்ந்ததும் காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

ஃபோக்ஸ்வாகனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதன் தலைவராக இருந்த மார்ட்டின் வின்டர்கார்ன் கார்க் கதவின் இடைவெளியைக்கூடத் தானே பார்க்கும் நுணுக்கக்காரர். 2018-க்குள் உலகில் முதலிடம் என்பது இலக்கு. டீசல் கார்களின் புகையை அமெரிக்க வரம்புக்குள் அந்தச் செலவில் அடக்க முடியவில்லை. முடியாது என்று மேலே போய்ச் சொல்வதைவிட, சோதனைக்கூடத்தில் மட்டும் சுத்தமாக ஓடும்படி மென்பொருள் எழுதுவது பொறியாளர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அந்த வேலை அவர் தலைமைக்கு வருவதற்குச் சற்று முன்பே தொடங்கியது, அவர் காலம் முழுவதும் வாய் திறக்கப்படாமல் ஓடியது. 2015 செப்டம்பரில் வெளிவந்தபோது ஒரு கோடியே பத்து லட்சம் கார்களில் அது இருந்தது. தனக்கு எதுவும் தெரியாது என்றார் வின்டர்கார்ன். அது உண்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை நுணுக்கமான தலைவரிடம் ஏறக்குறைய ஒன்பது ஆண்டு ஒருவரும் வந்து சொல்லவில்லை என்றால், அவரை அமர்த்திய குழுவுக்கு அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு எது?

மறுபக்கம் ரே ஆண்டர்சன். அமெரிக்காவில் இன்டர்ஃபேஸ் என்ற தரைவிரிப்பு நிறுவனத்தை 1973-ல் தொடங்கியவர். பெட்ரோலியத்திலிருந்து நூல் செய்து, பழசானதும் குப்பையில் போகும் சரக்கு. 1994-ல், அறுபது வயதில், சுற்றுச்சூழல் பற்றி நமக்கு என்ன பார்வை என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்களே என்று அவருடைய ஊழியர்களே அவரைப் பேச அழைத்தார்கள். அவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அப்போது கையில் கிடைத்த பால் ஹாக்கனின் புத்தகம் ஒன்றைப் படித்து, தன் தொழில் பூமிக்கு என்ன செய்கிறது என்று அவருக்குப் புரிந்தது. நெஞ்சில் குத்துப்பட்டது போல் இருந்தது என்று பின்னால் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். தன்னையே குற்றவாளியாக எண்ணினார். அறுபது வயதில், ஜெயித்துவிட்ட ஒரு முதலாளி, இத்தனை நாளும் தவறாகச் செய்தேன் என்று தன் ஆட்கள் முன்னால் ஒப்புக்கொள்வது சாதாரணக் காரியமா? அந்த ஒப்புதலுக்குப் பிறகு ஆலையில் வீணாவதைச் சொல்லத் தொழிலாளிக்கு வாய் கிடைத்தது. கழிவு ஒழிப்பைக் கீழ்மட்டக் குழுக்களிடமே ஒப்படைத்தார். 2020-க்குள் சுற்றுச்சூழலுக்குத் தீங்கு பூஜ்யம் என்று இலக்கு வைத்தார். 2011-ல் காலமானார். இலக்கை எட்டிவிட்டதாக நிறுவனம் 2019-ல் அறிவித்தது, அவர் இறந்து எட்டு ஆண்டு கழித்து. பி.பி.யில் நடக்காதது இங்கே நடந்ததற்குக் காரணம், ஆண்டர்சன் தன் மனமாற்றத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் ஆலைத் தளத்தில் இறக்கியதுதான்.

நல்ல தலைவர் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். நமக்கு அதற்கு ஒரு சாட்சி கொடைக்கானலிலேயே இருக்கிறது. யூனிலீவரின் பால் போல்மன் 2009-ல் பொறுப்பேற்றதும் காலாண்டு லாபக் கணிப்பை நிறுத்தினார். 2010-ல் அவர் கொண்டுவந்த நீடித்த வாழ்வுத் திட்டம் உலகின் வணிகப் பள்ளிகளில் பாடமாயிற்று. அவர் உள்ளன்போடு செய்தார் என்றே நம்புகிறேன். ஆனால் அதே குழுமத்தின் இந்துஸ்தான் லீவருக்குச் சொந்தமான கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை, பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை ஊர் மக்கள் கண்டுபிடித்த பின், 2001 மார்ச்சில் மூடப்பட்டிருந்தது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு கையெழுத்தானது 2016 மார்ச்சில். அதற்கு முந்தைய ஆண்டு சென்னைப் பெண் ஒருவர் பாடிய ராப் பாட்டு உலகைச் சுற்றி வந்திருந்தது. பதினைந்து ஆண்டில் கடைசி ஏழு, பசுமைத் தலைவர் என்று உலகம் கொண்டாடியவரின் காலம். லண்டனில் இருக்கும் ஒரு நல்ல மனது கொடைக்கானலின் பாம்பார் சோலை வரைக்கும் தானாக வந்து சேராது. இடையில் இருக்கும் ஒவ்வொரு மேசையும் அதைக் கடத்த வேண்டும், அந்த மேசைகளை யார் நியமிப்பது என்பதும் உங்கள் பொறுப்புதான்.

இனி உங்களிடம் கேட்க வந்தது.

2013 நிறுவனங்கள் சட்டத்தின் 178-ஆம் பிரிவு உங்கள் குழுவை உருவாக்கியது ஆளைத் தேட மட்டும் இல்லை, தகுதியை வரையறுக்கவும்தான். ஆனால் நீங்கள் எழுதும் தகுதிப் பட்டியலில் படிப்பும் அனுபவமும் துறையும்தான் இருக்கின்றன. அடுத்த முறை ஒருவரை நேர்காணும்போது, உங்களிடம் கீழே இருந்து கடைசியாக வந்த கெட்ட செய்தி எது, கொண்டுவந்தவர் யார், அவர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் தடுமாறினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் முடிவுகளில் எதைத் தவறென்று பின்வாங்கினீர்கள் என்று கேளுங்கள். 'நாங்கள்' என்று தொடங்கிப் பழியை யார்மீதோ போடுகிறாரா என்று காதுகொடுங்கள். பரிந்துரைப்பவர்கள் என்று அவர் தரும் பெயர்கள் எல்லாம் அவருக்கு மேலே இருந்தவர்களாகவே இருக்கும். அவருக்குக் கீழே இரண்டு படி தள்ளி வேலை பார்த்தவர்களிடம் பேசுங்கள். முன்பு அவர் நடத்திய ஆலையின் பாதுகாப்பு அதிகாரி, கழிவுநீர் மேனேஜர், சங்கத் தலைவர். இதற்கு ஒரு வாரம் கூடுதலாக ஆகும். ஐந்து ஆண்டுக்கு ஆள் எடுக்கிறீர்கள்.

அமைதியான ஆளைத் தேடுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமைதியாகச் சிரித்துக்கொண்டே செய்தியை அடைத்துவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கோபக்காரராக இருந்தும், கத்தி முடித்த பிறகு செய்தி கொண்டுவந்த மேனேஜரையே கூப்பிட்டு உட்காரவைத்து, சொல்லுப்பா என்று கேட்டவர் ஒருவரிடமும் வேலை பார்த்திருக்கிறேன். அவர் காலத்தில் எங்கள் கழிவுநீர் நிலையம் ஒரு நாளும் பொய் எழுதியதில்லை.

நியமித்த பிறகும் உங்கள் வேலை முடிவதில்லை. நிர்வாகத்தினர் யாரும் இல்லாமல் சுயேச்சை இயக்குநர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது தனியே கூட வேண்டும் என்று சட்டத்தின் நான்காம் அட்டவணை சொல்கிறது. பெரும்பாலும் அது முக்கால் மணி நேரத்தில், காபியோடு, வழக்கமான வாசகங்களோடு முடிந்துவிடுகிறது. எத்தனையோ ஆண்டு அதன் மினிட்ஸை முந்தைய ஆண்டிலிருந்து நகலெடுத்துத் தேதியை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தை ஒரு முறை ஆலையில் வையுங்கள். கழிவுநீர் நிலையத்தின் ஷிப்ட் ஆளைக் கூப்பிட்டு, அவருடைய மேலாளர் இல்லாத நேரத்தில், லாக் புத்தகத்தைப் பாருங்கள். பதினொரு மாதம் ஒரே மாதிரி எண்கள் இருந்தால் அதைப் பற்றிக் கேளுங்கள். எந்த ஆலையிலும் எண்கள் அப்படி இருப்பதில்லை.

அன்று காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போன அந்த மேனேஜர் வாரியத்தின் ஆய்வுக்கு இரண்டு மாதம் முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார். ஏன் போகிறார் என்று குழுவில் யாரும் கேட்கவில்லை. ராஜினாமாக் கடிதத்தைக் கோப்பில் சேர்த்தது நான்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கம்பெனி செகரட்டரி ஒருவர்,
கோயம்புத்தூர்.